நேரத்தோடு போயிருக்கலாமாம்

எங்கள் வீட்டு வாசல் நிலையின் வலப்பக்க மரத்தில், என் தோள் உயரத்தில், ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரு விரல் நீளத்துக்குச் சற்று அதிகம். நேராக இல்லை, சரிந்து கிடக்கும். மேலும் கீழும் ஆணி அடித்த ஓட்டைகள். டுசல்டோர்ஃபில் இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் அது யாரோ தச்சன் கைதவறிச் செய்த பிழை என்று நினைத்தேன். ஜெர்மன்காரரும் பிழை விடுவார்கள் என்பதே அப்போது எனக்குப் புதினமாக இருந்தது. எத்தனை முறை பெயின்ட் அடித்தும் அது மூடுபடவில்லை. பிறகு வெள்ளிக்கிழமைகளில் சந்தனமும் குங்குமமும் வைக்கும் இடமாக அதை ஆக்கிக்கொண்டேன். நிலையில் ஏற்கெனவே ஒரு பொட்டுக்கு இடம் விட்டிருக்கிறார்களே, வீணாக்குவானேன் என்றுதான்.

இந்த நாட்டில் முன்கூட்டிச் சொல்லாமல் யாரும் கதவு மணியை அடிப்பதில்லை. முன்பே நேரம் குறித்து வாங்குவதை டெர்மின் என்பார்கள், பல் பிடுங்கவும் டெர்மின், பிள்ளை பெற்றவளைப் பார்க்கவும் டெர்மின். அதனால் சென்ற இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை மணி அடித்தபோது, பொலிஸாக்கும் என்று என் கணவர் உடனே சட்டையைப் போட்டுக்கொண்டார். கதவைத் திறந்தால் எழுபதை எட்டும் வயதில் ஒரு மனிதர், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். அவருக்குப் பின்னால் வீட்டுச் செருப்போடு கீழ்வீட்டு அம்மா, ஃபிராவ் லென்ஸ். வெளிக்கதவைத் திறந்துவிட்டது அவர்தான். இந்த மனிதர் யார் என்று அறியாமல் போகமாட்டேன் என்பதுபோல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“என் அம்மா பிறந்த வீடு இது. உள்ளே வரவேண்டும் என்று கேட்கவில்லை. கதவை மட்டும் பார்க்கலாமா?” என்று அந்த மனிதர் கேட்டார். அவருடைய ஜெர்மன் வினோதமாக இருந்தது. கிழவரின் வாயில் பழங்காலத்துப் பள்ளிக்கூடப் பெண்ணின் ஜெர்மன். அவர் கண் நேரே நிலைக்குப் போனது. அந்தப் பள்ளத்தில் விரலை வைத்தார். விரலை எடுத்தபோது நுனி சிவந்திருந்தது.

“ரத்தமா?” என்றார்.

“இல்லை, சாமி” என்றேன். என் ஜெர்மனுக்கு அவ்வளவுதான் வந்தது.

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, இங்கேயும் ஒருவகையில் சாமிதான் இருந்தது என்றார். யூதர்கள் வீட்டு வாசலில் வேத வசனம் எழுதிய தோல் சுருளை ஒரு சிறு கூட்டில் வைத்து இப்படிச் சரிவாக அடிப்பார்களாம். யாரோ அதைப் பிடுங்கியிருக்கிறார்கள். பள்ளத்தைப் பிடுங்க முடியவில்லை.

அவர் பெயர் கபிரியேல். போருக்குப் பிறகு அவருடைய அம்மா போய்க் குடியேறிய உருகுவேயிலிருந்து வந்திருந்தார். உள்ளே கூப்பிட்டுக் குசினிக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். ஃபிராவ் லென்ஸும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தார். எனக்கு விளங்காததை விளக்க மகள் தாரணி பக்கத்தில் நின்றாள். அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், கட்டடக்கலை படிக்கிறாள்.

கபிரியேலின் தாத்தா இந்தத் தெருமுனையில் மூக்குக்கண்ணாடி செய்து விற்றவர். முதலாம் உலகப்போரில் ஜெர்மனிக்காகப் போய்ச் சண்டை பிடித்து, பதக்கத்தோடு திரும்பியவர். ஹிட்லர் வந்தபோது, இது ஒரு பைத்தியம், அடுத்த தேர்தலோடு போய்விடும் என்று சொன்னாராம். நேர்மையான அடுத்த தேர்தல் என்று ஒன்று வரவில்லை. பிறகு கடைக்கு ஆட்கள் வருவது குறைந்தது. பிறகு கடையே போனது. போய்விடலாம் என்று அவர் முடிவுகட்டிய நேரத்தில் உலகத்து வாசல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டுக்கொண்டிருந்தன. வெளியேறுவதற்கே ஒரு வரி வைத்திருந்தார்கள். விரட்டுகிறவனே வாசலில் குந்தியிருந்து, போகிறவனிடம் உள்ளதை உருவிக்கொண்டு விட்டான். உருவப்பட்டு வெறுங்கையோடு போய் நின்றவனை மற்ற நாடுகள், உன்னை வைத்து யார் சோறு போடுவது என்று கேட்டன.

அப்படியிருந்தும் அவர்களுக்கு ஒரு வழி கிடைத்தது. அமெரிக்காவில் இருந்த உறவினர் ஒருவர் பொறுப்பு நிற்கச் சம்மதித்தார். தாய், தகப்பன், இரண்டு மகள்மார் நால்வரும் தூதரகத்துக்குப் போனார்கள். மூத்தவள் லோத்தே, கபிரியேலின் அம்மா. இளையவள் ஹன்னாவுக்குச் சிறு வயது முதல் வலிப்பு. தூதரக வைத்தியர் மூவரைப் பார்த்துத் தலையாட்டினார். ஹன்னாவைப் பார்த்துத் தலையாட்டவில்லை. வலிப்புக்காரருக்கு விசா இல்லை.

“மூவரும் போகலாம் என்றார்கள்” என்றார் கபிரியேல். “ஹன்னாவை யாரிடம் விட்டுவிட்டு? அந்த நேரத்தில் இந்த நாட்டில் வலிப்புக்காரப் பிள்ளையை, அதுவும் யூதப் பிள்ளையை, யாரிடம் விடுவது?”

தகப்பன் மூத்தவளை மட்டும் இங்கிலாந்துக்கு வீட்டு வேலைக்காரியாக அனுப்பினார். அதற்கு மட்டும் அப்போது அனுமதி கிடைத்தது. “நீ முன்னால் போ லோத்தே, நாங்கள் ஹன்னாவுக்கு ஒரு வழி பார்த்துக்கொண்டு வருகிறோம்.” கப்பல் வழியாக, ரயில் வழியாக, ஷங்காய் வழியாக என்று அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். போர் தொடங்கியது. பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை. மூவரையும் ரயிலில் கிழக்கே கொண்டுபோனார்கள், யாரும் திரும்பவில்லை.

“அவர்கள் ஏன் போகவில்லை என்று எங்கள் வீட்டில் யாரும் அம்மாவைக் கேட்டதில்லை” என்றார் கபிரியேல். “பாத்திரம் கழுவும்போது அவரே தன்னைக் கேட்டுக்கொள்வார். ஸ்பானிஷில் இல்லை, ஜெர்மனில்.”

தேத்தண்ணி ஆறிவிட்டது. நான் புதிதாக ஊற்ற எழுந்தேன். எனக்கு அந்த நேரம் நினைவில் வந்தது என் அக்கா செல்வராணி.

அக்கா கிளிநொச்சிப் பக்கம் கலியாணம் கட்டிப் போனவர். அத்தான் அங்கே நெல் ஆலை வைத்திருந்தார். நான் தொண்ணூறுகளில் இங்கே வந்து சேர்ந்து, அகதி விசாரணையில் இருந்தபோது அதிகாரி என்னிடம் முதலில் கேட்டது, “அவ்வளவு ஆபத்து என்றால் ஏன் இவ்வளவு காலம் அங்கே இருந்தீர்கள்?” அடுத்த கேள்வி, “ஏன் இங்கே வந்தீர்கள்?” இரண்டு கேள்விக்கும் ஒரே ஆள், ஒரே கதிரையிலிருந்து பதில் சொல்ல வேண்டும். சொன்னேன். எனக்கு விசா கிடைத்தது. பிறகு அக்காவை இங்கே எடுப்பதற்கு நாங்கள் ஓடாத ஓட்டம் இல்லை. பார்வையாளர் விசாவுக்குப் போட்டோம். திரும்பிப் போவார் என்பதற்கு உறுதி இல்லை என்று மறுத்தார்கள். உண்மைதான், யார் திரும்பிப் போவார்! ஊரில் நிலவரம் இறுகியபோது வெளியே வருவதற்கு உள்ளே இருந்த இயக்கத்திடம் ஒரு பாஸ், வெளியே நின்ற ஆமியிடம் ஒரு பாஸ். ஒருவர் போனால் மற்றவர் பிணையாக நிற்க வேண்டும். அக்கா யாரைப் பிணை வைப்பார்? அத்தானையா, மகள் கயலையா?

கடைசியாகத் தொலைபேசியில் கிடைத்தபோது நானும் அதையேதான் சொன்னேன், எங்கேயாவது போய்விடுங்கோ என்று.

“எங்கை போறது?” என்றார் அக்கா. “நீ ஒரு இடத்தின்ரை பேரைச் சொல்லு, நாங்கள் இப்பவே வெளிக்கிடுறம்.”

போரின் அந்தக் கடைசி மாதங்களில் அக்காவும் அத்தானும் ஒரே பங்கரில் முடிந்துபோனார்கள். கயல் மட்டும் தப்பி, முகாமில் கிடந்து, இப்போது யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருக்கிறாள்.

இரண்டு அழிவுகளையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. அது வேறு, இது வேறு. அவற்றை நிறுக்கும் கை எனக்கு இல்லை. ஆனால் செத்தவர்களைப் பார்த்து ஏன் போகவில்லை என்று கேட்கப்படும் அந்தக் கேள்வி இருக்கிறதே, அது எல்லா ஊரிலும் ஒரே கேள்விதான். அதற்கு ஒரே நாற்றம்தான்.

அன்று பின்னேரம் எங்கள் எல்லாரையும் கோப்பிக்கும் கேக்குக்கும் தன் வீட்டுக்கு வரச்சொன்னார் ஃபிராவ் லென்ஸ். “உங்களுக்குக் காட்ட என்னிடமும் அந்தக் காலத்துப் பொருள் ஒன்று இருக்கிறது” என்று கபிரியேலிடம் சொன்னார். முகத்தில் நல்ல மனம்தான் தெரிந்தது. அதை நான் மறுக்கவில்லை. இவர் கெட்டவர் அல்ல. என் கணவருக்கு முழங்கால் வீங்கியபோது பனிக்கட்டிப் பை கொண்டுவந்து தந்தவர். பெருநாளுக்குப் பலகாரம் கொடுத்தால் தட்டைக் கழுவித் திருப்பித் தருபவர். இந்தக் கட்டிடத்திலேயே பிறந்து, தாயின் வீட்டிலேயே இருந்துவிட்டவர்.

அவர் சாப்பாட்டறையில் சுவர் நிறைய ஓர் ஓக் மர அலுமாரி. திராட்சைக் கொடி செதுக்கிய கதவுகள், பித்தளைப் பிடி போட்ட லாச்சிகள். அதன்மேல்தான் பிளம் கேக்கை வைத்திருந்தார்.

“இது உங்கள் தாத்தா வீட்டிலிருந்தது” என்றார் கபிரியேலிடம். “என் அம்மா ஏலத்தில் எடுத்தார். இங்கே முற்றத்தில்தான் ஏலம் நடந்தது. மிகவும் நன்றாகப் பராமரித்தோம். ஒரு கீறல் இல்லை, பாருங்கள்.”

கபிரியேல் எழுந்துபோய் ஒரு லாச்சியை இழுத்தார். கரண்டிகள் இருந்தன. குனிந்து உள்ளே மணந்து பார்த்தார். மூடினார். திரும்ப வந்து உட்கார்ந்தார்.

“உங்கள் தாத்தா நல்ல மனிதர் என்று அம்மா எப்போதும் சொல்வார்” என்று ஃபிராவ் லென்ஸ் கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னார். “அம்மாவுக்குக் கண்ணாடி செய்து கொடுத்தது அவர்தான்.”

அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் ஏலத்தில் மரத்தின் தரம் பார்த்திருப்பார் என்று என் மனதில் ஓடியது. வாயில் போட்ட கேக் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

“எனக்கு ஒன்றுதான் விளங்குவதில்லை” என்று அவர் தொடர்ந்தார். “படித்தவர்கள், உலகம் தெரிந்தவர்கள். ஏன் நேரத்தோடு போகவில்லை? போயிருக்கலாமே. நல்ல நல்ல பொருட்களை விட்டுப்போக மனம் வரவில்லை என்று அம்மா சொல்வார்.”

காலையில் என் குசினியில் இருந்து ஹன்னாவின் கதையைக் கேட்டவர் இவர். அரை நாள்கூட ஆகவில்லை. கதை அவர் காதில் விழுந்து, ஒரு மனிதப் பிள்ளையில் முட்டாமல், பழையபடி அம்மா சொன்னதில் போய் உட்கார்ந்துவிட்டது.

“ஏலம் எப்போது நடந்தது?” என்று கபிரியேல் மரியாதையாகக் கேட்டார்.

“பிறகுதான். அவர்கள்தான் போய்விட்டார்களே!” என்றார் ஃபிராவ் லென்ஸ்.

நான் தட்டை மேசையில் வைத்தேன். அது சத்தம் போட்டது. என் ஓட்டை ஜெர்மனில், அடுக்கிப் பேசத் தெரியாமல், உள்ளதைக் கேட்டேன். “ஃபிராவ் லென்ஸ், அவர்கள் போகவில்லை என்கிறீர்கள். அவர்கள் போய்விட்டார்கள் என்கிறீர்கள். எது?”

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். எனக்குப் பாஷை பிடிபடவில்லை என்று நினைத்துவிட்டார். பாலர் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விரலை அசைத்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “நீங்கள் பிழையாக விளங்கிக்கொண்டீர்கள். இப்போது நான் சொன்னது ‘வெக்’, அந்த இடத்தில் இல்லை என்று பொருள். ‘கெகாங்கன்’ என்றால் தாமாகப் போவது. இரண்டும் வேறு வேறு.”

“எனக்கு விளங்கினது” என்றேன்.

தாரணி என் முழங்கையைப் பிடித்தாள். கபிரியேல் எழுந்து, கேக்குக்கு நன்றி சொல்லித் தொப்பியை எடுத்தார். அலுமாரியைக் கொண்டுபோவதென்றால் தனக்கு மறுப்பில்லை, கப்பல் செலவை மட்டும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஃபிராவ் லென்ஸ் வாசல்வரை வந்து சொன்னார். நான் மேலே ஓடிவந்து குசினித் தொட்டியில் வாயைக் கொப்பளித்தேன். பிளம் பழத்தின் புளிப்பு போய்விட்டது. மற்றது போகவில்லை.

இந்த அருவருப்பு ஜெர்மன்காரரோடு முடிந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி. முடியாது. அக்கா செத்த அடுத்த வருடம் பக்கத்து ஊர் கிரேஃபெல்டில் எங்கள் சனத்தின் ஒரு கலியாண வீடு. எனக்கு எதிரே ஒரு அண்ணை, கடை வைத்து நன்றாக வந்தவர், இறைச்சி எலும்பைச் சப்பிக்கொண்டு கதைத்தார். “வன்னிச் சனம் காணி பூமியிலை ஆசை வைச்சு இருந்ததுகள். நேரத்தோடை வெளிக்கிட்டிருக்கலாம்தானே. நாங்கள் வெளிக்கிடேல்லையே?” என் கணவர் மேசைக்குக் கீழே என் கையை அமத்திப் பிடித்தார். சில வருடம் கழித்துச் சிரியாவிலிருந்து சனம் வந்து ரயில் நிலையங்கள் நிறைந்தபோது அதே அண்ணையை இன்னொரு விழாவில் கண்டேன். “எல்லாரும் இஞ்சை என்னத்துக்கு ஓடி வருகினம்? தங்கடை நாட்டிலை இருக்க ஏலாதே?” என்றார்.

அன்றைக்கு விளங்கியது. போகாமல் செத்தவனிடம் ஏன் போகவில்லை என்று கேட்பவர்களும், போய்த் தப்பியவனிடம் ஏன் வந்தாய் என்று கேட்பவர்களும் ஒரே ஆட்கள். அவர்கள் பதிலுக்காகக் கேட்பதில்லை. பிழை செத்தவனுடையது என்று ஆகிவிட்டால், தாங்கள் சாப்பிடுகிற சாப்பாடு ருசிக்கும், தாங்கள் வாங்கிய அலுமாரி தங்களுடையதாகும். அதற்காகக் கேட்கிறார்கள்.

மறுநாள் கபிரியேல் தாரணியின் கல்லூரிக்குப் போக விரும்பினார். ஏனென்றால் அந்த வளாகம் இருக்கும் இடத்தில் முன்பு நகரத்தின் இறைச்சிக்கூடம் இருந்தது. மாடு அடிக்கும் இடம். சுற்றுவட்டாரத்து யூதர்களையெல்லாம் ஓரிரவு அந்த மாட்டுக் கொட்டகையில் அடைத்துவைத்துத்தான் காலையில் ரயிலேற்றினார்கள். தாத்தா, பாட்டி, ஹன்னா மூவரும் இந்த ஊரில் கடைசியாக நின்ற தரை அது. கொட்டகையின் ஒரு பகுதியை நினைவிடமாக வைத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்றாலும் சில மாணவர் இருந்தார்கள். காதில் பாட்டு, கையில் கோப்பிக் குவளை. தாரணி முன்னால் நடந்தாள். “அம்மா, நான் ஒவ்வொரு நாளும் இதாலைதான் சாப்பிடப் போறனான்” என்று மெல்லச் சொன்னாள்.

உள்ளே சுத்தமாக இருந்தது. நான் ஊரில் மாடு அடிக்கும் இடத்தைக் கடந்து பள்ளிக்கூடம் போனவள். அந்த ஈரமும் ஈயும் இரத்தவாடையும் எனக்குத் தெரியும். வலிப்புக்காரப் பிள்ளையை அந்த ஈரத்தில் நிற்கவைத்துக்கொண்டு ஒரு தாய் விடியும்வரை என்ன செய்திருப்பாள்? வலிப்பு வந்தால் படுக்கவைக்க ஓர் உலர்ந்த இடம் தேடியிருப்பாள். தகப்பன் தன் மேலங்கியைக் கழற்றி விரித்திருப்பார். விசா கிடைத்த இரண்டு பேர், கிடைக்காத ஒருத்திக்காக அங்கே நின்றார்கள். இவர்களைப் பார்த்துத்தான் அலுமாரியில் ஆசை என்கிறார்கள்.

கபிரியேல் அழவில்லை. சுவரைத் தொட்டுப் பார்த்தார். “நன்றாகக் கழுவியிருக்கிறார்கள்” என்றார். பிறகு தாரணியிடம் என்ன படிக்கிறாய் என்று திரும்பவும் கேட்டார். கட்டடக்கலை என்றாள். “நல்லது” என்று அவள் தோளில் தட்டினார். “கதவுகளைக் கொஞ்சம் கூடுதலாக வை.”

டிராம் தரிப்பிடத்தில் அவரை வழியனுப்ப நின்றோம். எதிரே விளக்குக் கம்பத்தில், எங்களைப் போன்றவர்களையெல்லாம் திருப்பி அனுப்பப்போவதாகச் சொல்லும் கட்சியின் சுவரொட்டி தொங்கியது. முந்திய கிழமை டிராம் ஓட்டிக்கொண்டிருந்த என் கணவரிடம், “எங்கள் ஆட்கள் வந்தால் நீ ஓட்டப்போவது ஒருவழிப் பயணம்தான்” என்று ஒருவன் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு இறங்கிப்போனான். அதை அவர் எங்களிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று சோறு மிஞ்சியது.

கபிரியேல் சுவரொட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். “நீங்கள் எப்போது போகிறீர்கள்?”

நான் யோசித்துப் பார்க்காமலே சொல்லத் தொடங்கிவிட்டேன். இப்போது போக ஏலாது, இவருக்கு முழங்கால் ஒப்பரேஷனுக்கு வைகாசியில்தான் டெர்மின் கிடைத்திருக்கிறது, தாரணிக்குக் கடைசி வருடம், நடுவில் எப்படி விடுவது, கனடாவில் இவருடைய தம்பி இருக்கிறார்தான், ஆனால் எங்கள் வயதில் அங்கே யார் வேலை தருவார், இவ்வளவு காலம் இருந்துவிட்டோம், எங்களிடம் ஜெர்மன் கடவுச்சீட்டு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, எல்லாரும் அப்படியானவர்கள் இல்லை, அடுத்த தேர்தலோடு இது அடங்கிவிடும், புதுக் குசினிக்கும் சொல்லிவிட்டோம், அடுத்த கிழமை வந்து பொருத்திப் பூட்டுகிறார்கள்.

கபிரியேல் திகைத்துப்போய் நின்றார். தாரணி என் காதுக்குள் சொன்னாள். “அம்மா, அவர் கேட்டது எங்கடை டிராம் எத்தினை மணிக்கு எண்டு.”

யாரும் சிரிக்கவில்லை. அவருடைய டிராம் வந்தது. ஏறுவதற்கு முன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “நீங்கள் சொன்னது எல்லாமே நல்ல காரணங்கள்” என்றார். “என் தாத்தாவிடமும் எல்லாமே நல்ல காரணங்களாகத்தான் இருந்தன.”

வீட்டுக்கு வரும் வழியில் தாரணி, “அப்ப நாங்கள் என்னெண்டு அறியிறது, அம்மா, நேரம் வந்திட்டுது எண்டு?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். தெரிந்தவர்கள் யாராவது எங்கள் குடும்பத்திலோ அந்தக் குடும்பத்திலோ இருந்திருந்தால் இன்று நான் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

அடுத்த கிழமை குசினி வந்தது. இங்கே வாடகை வீட்டுக்குக் குசினியும் நாங்களே வாங்கிப் பூட்ட வேண்டும். போகும்போது கழற்றிக்கொண்டு போகலாம் என்பார்கள். யாரும் முழுதாகக் கழற்றி நான் கண்டதில்லை. இரண்டு வேலைக்காரர் பலகைகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, மேடையை எந்த உயரத்தில் வைப்பது என்று கேட்டார்கள். வழமையான உயரம் எனக்கு எட்டாது. இத்தனை வருடமும் குதிக்காலை உயர்த்தித்தான் சமைத்தேன். எனக்கு ஏற்றமாதிரிப் பதித்து, தாழ்வாக வையுங்கள் என்றேன்.

“அடுத்து குடிவருகிறவருக்கு மிகவும் பதிவாக இருக்குமே” என்றான் ஒருவன்.

அந்த நேரம் தொலைபேசி அடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கயல்.

“சின்னம்மா, இஞ்சை செய்தியிலை காட்டினவங்கள். அங்கை வெளிநாட்டுக்காரரை அனுப்பப் போகினமாம். அடிக்கினமாம். நீங்கள் இன்னும் அங்கை என்ன செய்யிறியள்? வெளிக்கிட்டு வாங்கோவன், இஞ்சை ஊர் வீடு சும்மாதானே கிடக்கு. ஏன் சின்னம்மா இருக்கிறியள்?”

அவளுக்கு மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்க உரிமை உண்டு. அவள் குரலில் நாற்றம் இல்லை. பயம் மட்டும்தான்.

“பிறகு எடுக்கிறன் பிள்ளை” என்றேன். “வேலைக்காரர் நிக்கினம்.”

தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே அப்படியே வைத்துக்கொண்டேன். வெட்ட மனம் வரவில்லை. அவளும் வெட்டவில்லை. அவள் வீட்டு முற்றத்தில் காகம் கத்துவது கேட்டது. வேலைக்காரன் நீட்டிய பென்சிலை வாங்கி, சுவரோடு ஒட்டி நின்று, முழங்கை மடியும் இடத்தில் ஒரு கோடு போட்டேன். அவன் துளைக்கத் தொடங்கினான்.